அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முதுமைப் பராமரிப்புச் செலவிலிருந்து சேமிப்பைக் காப்பது

வந்த புதிதில் எல்லோரும் கிரெடிட் ஸ்கோர், கார் கடன், நல்ல பள்ளி இருக்கும் பகுதி என்றுதான் விசாரிக்கிறோம். நானும் அப்படித்தான். நண்பர் ஒருவரின் தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்த பிறகுதான் எனக்குக் கண் திறந்தது.

அந்தத் தகப்பனாருக்கு மெடிகேர் (முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருந்தது. மருத்துவமனைச் செலவை அது ஏற்றது. அங்கிருந்து நர்சிங் ஹோமுக்கு மாற்றினார்கள். (நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய மருத்துவமனை. இங்கே அது முதியோரை வைத்துப் பராமரிக்கும் இல்லம்.) முதல் 20 நாட்களுக்கு முழுச் செலவும் மெடிகேருடையது. 21ஆம் நாளிலிருந்து நாளுக்கு 200 டாலருக்கு மேல் நாம் கட்ட வேண்டும். 100 நாட்களுக்குப் பின் ஒன்றும் கிடையாது. அந்த 100 நாளும்கூடத் தேர்ந்த செவிலியரோ பயிற்சி சிகிச்சையோ தேவைப்படும் வரைதான். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைப்பது ஆகியவை மட்டுமே தேவை என்றானதும் மெடிகேர் விலகிக்கொண்டது. தகப்பன் பணம், மகன் பணம் என்று நம் வீடுகளில் பிரித்துப் பார்ப்பதில்லையே. பேத்தியின் கல்லூரிக்கென்று வைத்திருந்த சேமிப்பு அதில் கரைந்தது. நர்சிங் ஹோமில் தனி அறை என்றால் நாட்டின் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. நம் வேலையிடத்து மருத்துவக் காப்பீடும் இதற்கு உதவாது.

‘மெடிகெய்ட் (வசதி குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) கொடுக்குமே’ என்பார்கள். கொடுக்கும், கையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லாதபோது. பல மாநிலங்களில் தனி நபருக்கு வரம்பு 2,000 டாலர்தான். குடியிருக்கும் வீட்டுக்குத் தனி விதி. ஆனால் 55 வயதுக்குப் பின் பெற்ற பராமரிப்புச் செலவை, அவர் இறந்த பிறகு விட்டுச்சென்ற சொத்திலிருந்து மாநில அரசு வசூலிக்கலாம். பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டால் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம்: பெரும்பாலான மாநிலங்களில், விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் யாருக்கு எதைக் கொடுத்தீர்கள் என்று பார்ப்பார்கள். கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்குப் பொதுவாக முதல் ஐந்து ஆண்டுகள் மெடிகெய்ட் கிடைப்பதும் அரிது.

இந்த இடைவெளிக்காகத்தான் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறைக்குச் செல்லுதல், எழுந்து இடம் மாறுதல், சிறுநீர் மலம் அடக்குதல் ஆகிய ஆறில் இரண்டையாவது பிறர் உதவியின்றிச் செய்ய முடியாமல் போனாலோ, கடுமையான மறதி நோய் வந்தாலோ பணம் தரும். பல பாலிசிகளில் முதல் 90 நாள் செலவு நம்முடையது. விலைவாசிக்கேற்பத் தொகை உயரும் வசதி இல்லாத பாலிசியை நாற்பதுகளில் வாங்குவது வீண். எண்பது வயதில் அது பாதிச் செலவுக்குக்கூட வராது. பிரீமியமும் நிலையானதல்ல. பழைய பாலிசிகளுக்குப் பலமுறை பெரிய அளவில் ஏற்றியிருக்கிறார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

சொத்தைக் காக்க வேண்டும் என்பவர்கள் ‘பார்ட்னர்ஷிப்’ பாலிசியா என்று அவசியம் கேளுங்கள். அப்படியானால், காப்பீடு இரண்டு லட்சம் டாலர் கொடுத்து முடிந்த பிறகு நீங்கள் மெடிகெய்ட் கேட்டால், உங்கள் சொத்தில் அதே இரண்டு லட்சத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பெரும்பாலான மாநிலங்களில் இது உண்டு.

நம்மவர்கள் கேட்க மறக்கும் கேள்விகள் இரண்டு. ஓய்வுக்குப் பின் கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ இருந்தால் பணம் வருமா? பல பாலிசிகள் வெளிநாட்டில் தருவதே இல்லை, அல்லது குறைந்த தொகையைக் குறுகிய காலத்துக்குத் தரும். ஊர் திரும்புவது உறுதி என்றால் இந்தக் காப்பீடே உங்களுக்கு வேண்டாம், அந்தப் பணத்தைத் தனியாகச் சேமியுங்கள் என்பதுதான் என் கருத்து. அடுத்து, மகளோ மருமகளோ பார்த்துக்கொண்டால் அவர்களுக்குக் கொடுப்பார்களா? செலவு ரசீதுக்குப் பணம் தரும் பாலிசிகள் பொதுவாகக் கொடுப்பதில்லை. ரொக்கமாகத் தரும் வகையும் உண்டு, விலை அதிகம்.

சியாட்டில் பக்கம் வேலைக்கு வந்தவர்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். வாஷிங்டன் மாநிலம் 2023 ஜூலை முதல் ‘டபிள்யூ.ஏ. கேர்ஸ்’ என்ற மாநில நீண்டகாலப் பராமரிப்புத் திட்டத்துக்காகச் சம்பளத்தில் 0.58 சதவீதம் பிடிக்கிறது. வாழ்நாள் பயன் 36,500 டாலரில் தொடங்கும் தொகைதான். அடித்தளமாக மட்டும் கொள்ளலாம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு.

எப்போது வாங்குவது? உடல் நன்றாக இருக்கும்போது. விண்ணப்பத்தில் மருத்துவ வரலாற்றைத் துருவிக் கேட்பார்கள். சர்க்கரை நம் குடும்பங்களில் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் மறுத்துவிடலாம். எழுபதைக் கடந்த பெற்றோருக்கு இது பெரும்பாலும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. அவர்களுக்கென்று தனியாக ஒரு தொகையை இப்போதே ஒதுக்குங்கள்.

வாங்கிய பின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பிரீமியம் தவறினால் தகவல் அனுப்ப, உங்களைத் தவிர இன்னொருவர் பெயரையும் நிறுவனத்திடம் பதிவு செய்யலாம். மறதி நோயின் தொடக்கத்தில் முதலில் விட்டுப்போவது இத்தகைய பில்கள்தான். பிள்ளையின் பெயரையோ தம்பியின் பெயரையோ அந்தப் படிவத்தில் எழுதிக் கொடுத்து, பாலிசி நகலை அவர்களிடமும் ஒன்று கொடுத்துவையுங்கள்.