நீலகிரி ‘எக்ஸ்’ வகுப்பு இன்ஜினின் மாதிரியைத் தேடிய அனுபவங்கள்

நீலகிரி மலை ரயிலின் மாதிரி இன்ஜின் என்று நம்பி இரண்டு பொருள்களை வாங்கி ஏமாந்த பிறகுதான், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. முதலாவது, உதகையில் ஒரு பரிசுப்பொருள் கடையில் வாங்கிய நீல வண்ண மர இன்ஜின். அலமாரியில் வைத்தால் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் பக்கத்துக்கு ஒரு சிலிண்டர் மட்டுமே இருந்ததைக் கவனிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில், எஸ்.எல்.எம். தொழிற்சாலை கட்டிய, நீலகிரியில் ஓடும் எக்ஸ் வகுப்பு இன்ஜினுக்குப் பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்திருக்கும். சமதளப் பாதையில் கீழ்ச் சிலிண்டர்கள் மட்டுமே சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. கல்லாறு நிலையம் தாண்டிப் பல்தண்டவாளத்தில் ஏறியதும், கீழே ஒருமுறை வேலை செய்து முடித்த நீராவி மேலே உள்ள சிலிண்டர்களுக்குச் சென்று, தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களில் பொருந்தும் பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. இடையில் கியர் இருப்பதால், மேல் தண்டுகள் கீழ்த் தண்டுகளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்த இரட்டை அடுக்கு இல்லாத மாதிரிக்கு எவ்வளவு நீல வண்ணம் பூசினாலும் அது எக்ஸ் வகுப்பு ஆகாது.

இரண்டாவது ஏமாற்றத்துக்கு என் அவசரமே காரணம். ‘இந்திய மலை ரயில் இன்ஜின், பித்தளைத் தகட்டுக் கிட், பிரிக்கப்படாதது’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, வெளிநாட்டில் ஒருவரிடமிருந்து பழைய கிட் (பாகங்களை நாமே பொருத்திக் கட்டும் தொகுப்பு) ஒன்றை வரவழைத்தேன். பெட்டியைத் திறந்ததும் சக்கரங்களின் இடைவெளியை அளந்தேன். 9 மில்லிமீட்டர் இருந்தது. அது டார்ஜிலிங் ரயிலின் பி வகுப்பு. டார்ஜிலிங் பாதை 2 அடி அகலம் கொண்டது. நீலகிரிப் பாதையோ மீட்டர் கேஜ், அதாவது 1000 மில்லிமீட்டர். இதை 1:87 அளவில் சுருக்கினால் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர் வருகிறது, அதற்காகவே எச்.ஓ.எம். என்ற பெயரில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறார்கள். விற்றவர் பொய் ஏதும் சொல்லவில்லை. டார்ஜிலிங்கும் இந்திய மலை ரயில்தான். பணம் அனுப்புவதற்கு முன், சக்கர இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று நான் ஒரு வரி கேட்டிருக்க வேண்டும்.

•

மேலே எழுதிய நண்பரின் அனுபவத்தோடு என்னுடையதையும் சேர்க்கிறேன். கிட் தேடுவதை விட்டுவிட்டு, நானே கட்டலாம் என்று துணிந்தபோது, ஜெர்மனியின் பெமோ நிறுவனம் 12 மில்லிமீட்டர் பாதைக்காக வெளியிட்ட எச்.ஜி. 3/4 என்ற சுவிஸ் இன்ஜின் மாதிரி ஒன்று இரண்டாம் கையாகக் கிடைத்தது. அசல் எச்.ஜி. 3/4 நம் எக்ஸ் வகுப்புக்கு உறவுக்காரர்தான்: அதே எஸ்.எல்.எம். 1913–14இல் கட்டியது, அதே மீட்டர் கேஜ், அதே ‘ஆப்ட்’ என்ற வகைப் பல்தண்டவாள முறை, அதே நான்கு சிலிண்டர். அவற்றுள் சில 1947இல் வியட்நாமுக்கு விற்கப்பட்டு, 1990இல் மீண்டும் சுவிட்சர்லாந்துக்கே கொண்டுவரப்பட்டன என்பது தனிக் கதை.

உறவு இருந்தாலும் உடல் பொருந்தவில்லை. அதற்கு இயக்கச் சக்கரங்கள் மூன்று இணை, முன்னால் சிறிய சக்கரம் ஓர் இணை; எக்ஸ் வகுப்புக்கு இயக்கச் சக்கரங்கள் நான்கு இணை, சிறிய சக்கரம் பின்னால். உடற்கூட்டை மாற்றி ஒட்டினால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்திருந்த நான், ஒரு நல்ல மாதிரியை வெட்டிப் பாழாக்குவதற்குமுன் நிறுத்திக்கொண்டேன். அது இன்றும் சுவிஸ் இன்ஜினாகவே ஓடுகிறது.

எக்ஸ் வகுப்பைப் பித்தளைத் தகட்டிலும் பிளாஸ்டிக் தாளிலும் தனியாகக் கட்டினேன். மோட்டாரையும் இருபுறமும் இரண்டிரண்டு சிலிண்டர்களையும் அந்தச் சிறிய உடலுக்குள் அடக்க என்னால் முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் மோட்டாரையும் பல்சக்கரத்தையும் பயணிகள் பெட்டி ஒன்றில் மறைத்து வைத்தேன். மலை ஏறும்போது அசல் ரயிலிலேயே இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளுவதால், பார்ப்பவர்களுக்கு இன்ஜின் தள்ளுவதாகவே தோன்றுகிறது. உண்மையில் பெட்டிதான் இன்ஜினை இழுத்துச் செல்கிறது. கல்லாறு – குன்னூர் பகுதியின் மிகச் செங்குத்தான சரிவு 12க்கு 1. மேசைமேல் ஒரு மீட்டர் ஓடினால் 8.3 சென்டிமீட்டர் ஏற வேண்டும் என்ற கணக்கு காகிதத்தில் சிறியதாகத் தெரிந்தாலும், பல்தண்டவாளம் இல்லாமல் நான் ஓட்டிப் பார்த்த முதல் நாளில் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வழுக்கின.

•

மேலே எழுதிய இருவருக்கும் அடுத்து, மூன்றாமவனாக நான் சொல்ல வேண்டியது காலத்தைப் பற்றியது மட்டுமே. எக்ஸ் வகுப்பு என்றால் ஒரே வடிவம் என்று எண்ணி, ஒரு புகைப்படத்தைப் பார்த்துப் பின்பகுதியையும், வேறொன்றைப் பார்த்து மற்றதையும் செய்து முடித்தேன். குன்னூர் நடைமேடையில் நின்று என் மாதிரியை அசலோடு ஒப்பிட்டபோதுதான், இரண்டு வெவ்வேறு இன்ஜின்களை ஒட்டிவைத்திருந்தது புரிந்தது. பழையவை 1914 முதல் 1925 வரையிலும், பின்னர் 1952இலும் விண்டர்தூரிலிருந்து வந்தவை. நிலக்கரியில் ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. பொன்மலைப் பணிமனை 2011 முதல் புதிதாகக் கட்டிய முதல் நான்கும் எண்ணெயை எரிப்பவை. நிலக்கரிக் குவியலை வைத்துவிட்டு எண்ணெய் இன்ஜினின் வரிசை எண்ணைப் பக்கவாட்டில் எழுதியிருந்தேன். அந்த வரிசை எண்ணைச் சுரண்டி எடுக்க வீட்டில் இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. அடியில் இருந்த நீல வண்ணமும் அதோடு கொஞ்சம் போய்விட்டது.