புதுப்பிப்பு: தம்பியின் ஸ்னோபோர்ட் முடிவாகிவிட்டது

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் வேலை செய்யும் தம்பிக்கு, ஆழமான பொடிப்பனியில் சறுக்க நீளமான பலகை நல்லதா, அகலமானது நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அகலமானதையே வாங்கிவிட்டான். நீளம் 152 சென்டிமீட்டர், நடு அகலம் 26.5. மூக்கு அகன்று மேலே வளைந்திருக்கிறது; வால் ஒடுங்கியிருக்கிறது. கால்கட்டுகளையும் வால் பக்கம் சற்றுத் தள்ளியே பூட்டவேண்டும். அப்போது வால் அமிழ்ந்து மூக்கு தானாக மேலே நிற்கும். பின்காலை ஓயாமல் அழுத்தித் தொடை நோக வேண்டியதில்லை.

இங்கே கிளிநொச்சியில் மாமாவிடம் படத்தைக் காட்டினேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர். "சேற்று உழவுக்கு லாண்ட்மாஸ்டரில் (இருசில்லு உழவு இயந்திரத்தில்) அகன்ற இரும்புச் சில்லுப் பூட்டுகிறோமே, அதுதானே இது?" என்றார். அதேதான், அகலமாக இருந்தால் புதையாது!

இறுகிய பனியில் இது திரும்பச் சற்றுத் தாமதிக்கும். அதற்குப் பழைய பலகை இருக்கிறது.

எனக்குக் கவலை, அவன் சறுக்கப்போகும் ஹொக்கைடோவின் நிசெக்கோ மலைச்சரிவு மரங்கள்தான். சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து கொட்டுவதால், மரத்தடியில் மெத்தென்ற பனிக்குழிகள் மறைந்திருக்கும். தலைகீழாக விழுந்தால் தனியே எழும்புவது மிகக் கடினம். துணையில்லாமல் இறங்காதே, விசில் கழுத்திலேயே இருக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஜனவரியில் ஓட்டிப் பார்த்ததும் அவனையே இங்கு எழுதச் சொல்கிறேன்.