நேரடி நெல் விதைப்பில் பிரிடிலாகுளோர் பாதிப்பு: சேஃப்னரைத் தனியாகத் தெளிக்கலாமா?

கடைமடை விவசாயி:
நாகப்பட்டினம் மாவட்டத்தில் இரண்டு ஏக்கரில் சேறடித்து, முளைகட்டிய நெல்லை நேரடியாக விதைத்தேன். மூன்றாம் நாள், கடையில் கொடுத்த பிரிடிலாகுளோர் 50 சதவீதக் களைக்கொல்லி மருந்தை ஏக்கருக்கு 500 மில்லி வீதம் மணலில் கலந்து தூவினேன். பத்தாம் நாள் பார்த்தபோது, மேட்டில் பயிர் ஓரளவு தேறியிருந்தது. தண்ணீர் தேங்கிய பள்ளத்திலோ நாற்றுகள் விரல் உயரத்திலேயே நின்று, இலை பிரியாமல் குழல்போலச் சுருண்டு கிடந்தன. பக்கத்து வயல்காரரும் அதே நாளில் பிரிடிலாகுளோர்தான் போட்டார். அவருடைய டப்பாவில் "சேஃப்னர் கலந்தது" என்று அச்சிட்டிருந்தது. அவர் பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சேஃப்னரை மட்டும் வாங்கி இப்போது தெளித்தால் பயிர் மீளுமா?

பயிர்ப் பாதுகாப்பு மாணவர்:
மீளாது, ஐயா. களைக்கொல்லியிலிருந்து பயிரைக் காக்க அதோடு சேர்க்கும் சேஃப்னரைத் தமிழில் முறிமருந்து என்று எழுதுவதால்தான் இந்த எண்ணம் வருகிறது. பாம்புக்கடிக்குப் பின் போடும் ஊசியைப் போன்றதல்ல அது. பக்கத்து வயலில் போட்ட மருந்தில் இருந்தது ஃபென்குளோரிம் ஆக இருக்க வேண்டும். சிபா-கெய்கி நிறுவனம் 1980களில் நெல்லுக்காகவே கொண்டுவந்த இந்தப் பொருள், மூன்று பங்கு பிரிடிலாகுளோருக்கு ஒரு பங்கு என்ற அளவில் சேர்க்கப்படுகிறது. இது களைக்கொல்லியைத் தொடுவதே இல்லை. நெல் நாற்றின் வேர் வழியே உள்ளே சென்று, செல்லில் உள்ள குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறைக் களைக்கொல்லியோடு பிணைத்து அதைச் செயலிழக்கச் செய்யும் நொதியை நாற்றே கூடுதலாகச் சுரக்கும்படி தூண்டுகிறது. குதிரைவாலிப் புல்லில் அந்தத் தூண்டல் போதிய அளவு நிகழாததால், களை சாகிறது, நெல் தப்பிக்கிறது. ஆகவே களைக்கொல்லி வேலையைத் தொடங்கும்போதே சேஃப்னரும் நாற்றுக்குள் இருந்தாக வேண்டும். வேர் விட்ட முளைகட்டிய விதையையே பரிந்துரைப்பதும் அதனால்தான்.

50 சதவீத மருந்து நடவு வயலுக்கு உரியது. நேரடிச் சேற்று விதைப்புக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது, சேஃப்னர் கலந்ததை விதைத்த 3 அல்லது 4ஆம் நாளில் எக்டேருக்கு 0.45 கிலோ செயல்படு மூலப்பொருள் (பிரிடிலாகுளோர் மட்டும்) என்ற அளவில் இடுவது. 30.7 சதவீதக் கலவையில் அது ஏக்கருக்குச் சுமார் 600 மில்லி வரும்.

பழைய வேளாண் அலுவலர்:
மேலே சொன்னது சரி. ஆனாலும் இந்தச் சேஃப்னர் துறையே ஒரு தற்செயலில் பிறந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஓட்டோ ஹாஃப்மன், கண்ணாடிக் குடிலில் 2,4-டி (2,4-D) என்ற களைக்கொல்லியின் ஆவி பரவியபோது, அதை ஒத்த 2,4,6-டி (2,4,6-T) இட்டிருந்த தக்காளிச் செடிகள் மட்டும் இலை கோணாமல் நின்றதைக் கவனித்தார். பின்னர் அவர் மக்காச்சோள விதையில் நாஃப்தாலிக் அன்ஹைட்ரைடைப் பூசிப் பயிரைக் காக்கும் முறையைக் கண்டார். கவனியுங்கள், அதுவும் விதை நேர்த்தியே. வாடிய பயிருக்குச் செய்த சிகிச்சை அல்ல.

இப்போது செய்ய வேண்டியது, பள்ளத்துத் தண்ணீரை உடனே வடித்து, மண் லேசாக வெடிக்கும் அளவுக்குக் காயவிட்டு, மறுபடி புதுத் தண்ணீர் வைப்பது. யூரியாவைக் கொட்டிப் பச்சையாக்கப் பார்க்காதீர்கள். புதிதாக வரும் இலை நேராக விரிந்தால் அந்தத் தூர் பிழைக்கும். குருத்தே அழுகியிருந்தால் விட்டுவிடுங்கள். மேட்டில் நெருக்கமாக இருக்கும் நாற்றுகளைக் கலைத்து, பள்ளத்தில் பயிர் செத்த இடங்களில் நட்டுப் பாடுவாசி நிரப்பலாம்.

கடைமடை விவசாயி:
நன்றி, ஐயா. தண்ணீரை வடித்து ஆறு நாள் ஆயிற்று. பள்ளத்தில் பாதிக்கு மேல் புது இலை நேராக வந்திருக்கிறது. மீதியை நாளை நிரப்ப ஆள் சொல்லியிருக்கிறேன். காலி டப்பாவை எடுத்துப் பார்த்தேன், "நடவு நெல்லுக்கு" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. விதைப்பதற்கு முன் அதைப் படிக்க எனக்குத் தோன்றவில்லை.