மைனஸ் 100-ஆ, பிளஸ் 100-ஆ?

தேக்கா_தம்பி: உயரம் 178 செ.மீ., எடை 104 கிலோ. ஜூடோவில் எந்தப் பிரிவு சரிப்படும்?

ஈசூன்_அண்ணன்: தம்பி, மைனஸ் 100-க்கு, அதாவது 100 கிலோ வரையுள்ள பிரிவுக்கு இறங்குங்க. 100-ஐத் தாண்டினவங்களுக்கான பிளஸ் 100-க்கு மேல்வரம்பே இல்லை. 140 கிலோ ஆள்கூட எதிரே நிப்பார். அனைத்துலகப் போட்டியில் முந்தின நாளே எடை பார்ப்பாங்க. மறுநாள் காலையில் சிலரைக் குலுக்கலில் எடுத்து மறுபடி நிறுத்துவாங்க. 5 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 105-ஐத் தாண்டினா வெளியே. ராத்திரி நாசி லெமாக்கை ஒரு பிடி பிடிச்சீங்க, போச்சு!

பிடோக்_ரமேஷ்: கனம் மட்டும் கதையில்லை. பிளஸ் 100-இல் ஆடும் பிரெஞ்சு வீரர் டெடி ரீனர் 2.04 மீட்டர் உயரம். அவர் வலக்கை உங்க தோளைத் தாண்டி முதுகுத் துணியைப் பிடிச்சா உங்க தலை குனியும், கால் நகராது, ஷிடோ, அதாவது தண்டனை விழும். மூணு ஷிடோ, ஆட்டம் முடிஞ்சது. அந்தக் கை வர்றதுக்கு முன்னாடியே அதன் சட்டைக்கையைப் பிடிச்சுக் கீழே அழுத்துங்க. குட்டையானவருக்கு, எதிராளியைத் தோள்மேல் ஏற்றி எறியும் செயோ நாகே நல்லா வரும். ஆனா முழங்கால் மடங்காம நுழைஞ்சா அவர் அப்படியே மேலே சாய்ஞ்சிடுவார்.

ஈசூன்_அண்ணன்: அதோட மூச்சு. 4 நிமிடம் சமநிலையில் முடிஞ்சா கோல்டன் ஸ்கோர்ங்கிற கூடுதல் நேரம், அதுக்குக் கால வரம்பே கிடையாது. 2020 பாரிசில் ஜப்பான் வீரர் ககேஉரா, ரீனரோட 154 தொடர் வெற்றியை முறிச்சது அந்த நேரத்தில்தான்.

தேக்கா_தம்பி: சரிண்ணே, 100-தான்.