தொடர் நாயகன் சேலம் மாநகர இன்ஸ்பெக்டர், சடலம் கிடப்பது ஏற்காட்டில்: வழக்கை அவர் கைக்கு எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி:
துப்பறியும் தொடரில் இது ஏழாவது நாவல். 2024 டிசம்பர். ஏற்காடு காப்பி எஸ்டேட்டில், பூத்துக் கிடக்கும் செடிகளுக்கு நடுவே சேலத்து வியாபாரி ஒருவரின் சடலத்தைக் காலை 7 மணிக்குப் பார்க்கிறார்கள். நாயகன் ஜீப்பில் வருகிறார். ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை, இந்திய தண்டனைச் சட்டம் 302இல் கொலை வழக்கு. 'இரவு 11.20க்கு உயிர் போயிருக்கிறது' என்கிறார் டாக்டர். எங்கெல்லாம் இடிக்கிறது?

பதில் 1:
பெரிய இடி எல்லைதான். ஏற்காடு ஸ்டேஷன் மாவட்ட எஸ்பியின் கீழ் வருகிறது, மாநகரம் கமிஷனரின் கீழ். உங்கள் ஆள் நேராக மலையேறி விசாரிக்க முடியாது. ஆனால் செத்தவர் சேலத்துக்காரர் என்பதே உங்களுக்குக் கைகொடுக்கும். முந்தின நாள் மாலையே அவர் மனைவி மாநகர ஸ்டேஷனில் 'ஆள் காணவில்லை' புகார் கொடுத்திருக்கட்டும். அந்த வழக்கு நாயகனுடையது. அடையாளம் காட்டக் குடும்பத்தாரை அழைத்துக்கொண்டு அவர் மலைக்கு வரலாம். அங்கே ஏற்காடு இன்ஸ்பெக்டர்தான் விசாரணை அதிகாரி. இந்த இருவருக்கும் இடையிலான உரசலை விட்டுவிடாதீர்கள், கதையின் உயிரே அதில் இருக்கிறது.

2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த கொலைக்கு 302 கிடையாது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 103. காயம் தெளிவாகத் தெரியாவிட்டால் விஏஓ புகாரின் பேரில் முதலில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194இல் சந்தேக மரணம் என்று பதிவார்கள். பிரேதப் பரிசோதனை முடிந்தபின் 103க்கு மாற்றி கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்புவார்கள். ஓர் அத்தியாயத்தை முடிக்க அருமையான இடம். ஆர்டிஓ இங்கே தேவையில்லை, பஞ்சாயத்தார் (சாட்சிக்கு அழைக்கப்படும் உள்ளூர்க்காரர்கள்) முன்னிலையில் இன்ஸ்பெக்டரே பிரேத விசாரணை செய்வார். கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் இறப்பது போன்ற சில மரணங்களுக்குத்தான் ஆர்டிஓ வருவார்.

பதில் 2:
டிசம்பரில் காப்பி பூக்காது. மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்த பிறகுதான் பூ. டிசம்பர் பழம் பறிக்கும் காலம், தோட்டம் முழுக்க ஆள் இருக்கும். சடலத்தைப் பறிப்புக்கு வந்தவர்களே பார்க்கட்டும்.

11.20 என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். நாலைந்து மணி நேர இடைவெளியாகத்தான் சொல்வார். வட இந்தியாவில் உடல் விறைப்பு கோடையில் 18 முதல் 36 மணி நேரம் நிற்கும், குளிர்காலத்தில் 24 முதல் 48 வரை போகும். மலைக்குளிரில் விறைப்பு ஏறுவதும் மெதுவாகத்தான். சமவெளிக் கணக்கைப் போட்டால் மரணம் நடந்தது பிந்தி என்று தப்பாகத் தோன்றும். இன்னொன்று: குளிரில் கிடந்த உடலில் ரத்தம் தங்கிய இடங்கள் இளஞ்சிவப்பாக இருக்கலாம். கார்பன் மோனாக்சைடு நஞ்சிலும் அந்த நிறம் வரும். நாயகனைத் தவறான வழியில் அனுப்ப நேர்மையான தடயம் இது.

பதில் 3:
கொலையாளி சேலத்திலிருந்து போய்த் திரும்பினான் என்றால் அடிவாரம் வழியே சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. இரவுப் பனியில் ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் வையுங்கள். குப்பனூர் வழியாகவும் இறங்கலாம் என்பதை அவன் அலிபிக்கு (அந்நேரம் வேறிடத்தில் இருந்ததாகக் காட்ட) பயன்படுத்தலாம்.

முதல் நாவலில் நாயகனுக்கு என்ன வயது?

கேட்டவர்:
2011இல் 44.

பதில் 3:
அப்படியானால் இந்தக் கதையில் 57. ஓய்வு வயது 60, ஆகவே 2027இல் சீருடையைக் கழற்றுவார். எட்டாவது நாவலின் ஆண்டை இப்போதே முடிவுசெய்துவிடுங்கள்.