ஸ்காபரோ பிளாசாக் கடைகளில் சாப்பிட்ட கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

லோரன்ஸ் – மார்க்கம் றோட் பக்கத்திலிருந்து

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் "இங்கே சாப்பாட்டுக் கடைகள் எந்தத் தெருவில் இருக்கின்றன?" என்று கேட்பார்கள். அப்படி ஒரு தெரு இங்கே கிடையாது. மேற்கே விக்டோரியா பார்க்கிலிருந்து கிழக்கே ரூஜ் ஆற்றுப் பக்கம் வரை, பெரிய சந்திகளில் எல்லாம் ஒரு பிளாசா நிற்கும். முன்னால் கார் நிறுத்துமிடம், பின்னால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கடைகள். பல் வைத்தியர், லோன்ட்ரி, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, இவற்றுக்கு நடுவில் ஒரு சாப்பாட்டுக் கடை. வெளியே இருந்து பார்த்தால் உள்ளே போக மனம் வராது. ஆனால் ரொறன்ரோ நகரம் முழுக்கச் சாப்பிட்டுப் பார்த்த பிறகும் எனக்குப் பிடித்த சாப்பாடெல்லாம் இந்தக் கடைகளில்தான் இருக்கிறது. அதிலும் உட்காரக் கதிரைகூட இல்லாத கடைகளில்.

கார் இல்லாத காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. லோரன்ஸ் கிழக்கில் ஓடும் 54ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறி, ஏதாவது ஒரு பிளாசாவில் இறங்கி, ஆட்கள் வரிசையில் நிற்கிற கடைக்குள் போவேன். கடைக்காரரிடம் எது நல்லது என்று கேட்பதில்லை, எனக்கு முன்னால் நிற்பவரிடம்தான் கேட்பேன். கடைக்காரருக்கு எல்லாம் நல்லதுதான். வாராவாரம் தன் காசைக் கொடுத்துச் சாப்பிடுகிறவருக்கு எதை வாங்கலாம், எதை விடலாம் என்று தெரியும்.

அப்படிக் கேட்டுக் கிடைத்ததுதான் தால்புரி ரொட்டி. அது ஒரு திரினிடாட் ரொட்டிக் கடை. எனக்கு முன்னால் கட்டட வேலை உடுப்போடு ஒரு பெரியவர் நின்றார். இரண்டு வகை ரொட்டி எழுதியிருக்கிறதே, எதை எடுக்கலாம் என்று கேட்டேன். "எங்கே இருந்து சாப்பிடப் போகிறாய்?" என்று திருப்பிக் கேட்டார். பஸ் தரிப்பில் நின்றுதான் என்றேன். அப்படியென்றால் தால்புரிதான் என்றார். மற்ற வகையான பஸ் அப் ஷட் என்பது பிய்த்துப் பிய்த்துக் கறியில் தொட்டுச் சாப்பிடுவது, அதற்கு மேசை வேண்டும். தால்புரி கறியை உள்ளே வைத்துச் சுற்றித் தருவது, ஒரு கையால் சாப்பிடலாம். அவர் சொன்னபடியே வாங்கினேன். தாளைப் பிரித்து ஒரு ஓரத்தைப் பிய்த்தபோது, இரண்டு மெல்லிய படைகளுக்கு நடுவிலிருந்து அரைத்த மஞ்சள் பட்டாணிப் பருப்பு பொலபொலவென்று உள்ளங்கையில் உதிர்ந்தது. வறுத்த சீரகத்தின் வாசம். உள்ளே ஆட்டிறைச்சிக் கறி, எலும்போடு.

அந்தப் பெரியவரோடு பஸ் வரும்வரை கதைத்துக்கொண்டு நின்றேன். தாயின் வழியில் அவர் "மட்ராசி"யாம். 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் திரினிடாட்டுக்குக் கப்பலேறியவர்களில் சென்னைத் துறைமுகத்தால் போனவர்களும் உண்டு. அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. மாரியம்மன் கோயில் தெரியும், தீ மிதிப்பு தெரியும். கறியைப் பற்றிக் கதைக்கும்போது என் அம்மம்மா சொல்வதைப் போலவே "இறைச்சி முதலில் தன் தண்ணீரில் அவிய வேணும்" என்றார்.

எங்கள் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் இங்கே பெருந்தொகையாக வரத் தொடங்கினார்கள். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 பேரை மீனவர்கள் மீட்ட கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே வந்து இரவிலும் பகலிலும் வேலைக்குப் போன ஆட்களுக்கு இடியப்பம் பிழிய நேரம் ஏது? அதனால்தான் எண்ணிக் கணக்கில் இடியப்பம் விற்கும் கடைகள் இவ்வளவு பெருகின என்று நான் நினைக்கிறேன். ஐம்பது இடியப்பம் என்றால் சொதியும் சம்பலும் கேட்காமலே பொதியோடு வரும். வேறு எந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையிலும் இந்தத் தாராளத்தை நான் பார்த்ததில்லை.

எக்ளிங்டன் பக்கமும் மற்றப் பெரிய வீதிகளிலும் பழைய பிளாசாக்களை இடித்து மாடிக் குடியிருப்புகள் கட்டுகிறார்கள். குடியிருக்க வீடு வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் கீழ்த்தளத்தில் புதிதாக வரும் கடைகளின் வாடகையை றோல்ஸ் விற்றுக் கட்ட முடியாது. ஆகவே உங்களுக்குத் தெரிந்த கடைகளை, அங்கே சந்தித்த ஆட்களை இப்போதே எழுதுங்கள்.

மல்வேர்ன் பக்கத்திலிருந்து

அண்ணை, ஒடியல் கூழை விட்டுவிட்டீர்களே!

எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் சனி, ஞாயிறு மட்டும் கூழ் காய்ச்சுவார்கள். நண்டு, இறால், கணவாய், மீன்தலை, பலாக்கொட்டை, பயித்தங்காய், மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை எல்லாம் போட்டு, செத்தல் மிளகாய் அரைத்து விட்டு, கடைசியில் ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவைக் கரைத்து ஊற்றுவது. புளி தூக்கலாக இருக்க வேண்டும். ஊரில் பனையோலைப் பிளாவில் குடித்தோம், இங்கே கோப்பிக் கடைக் குவளையைப் போல ஒன்றில் மூடியோடு தருகிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. மைனஸ் பதினைந்து குளிரில் காருக்குள் இருந்து மூடியைத் திறந்தால் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிடும்.

அந்தக் கடையில் ஒரு அம்மா மகனோடு வந்தார். பையன் இங்கே பிறந்தவன், பதினாறு பதினேழு வயது இருக்கும். அவன் நண்டுக் காலை எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றான். கடையின் பின்பக்கத்திலிருந்து காய்ச்சிய அக்காவே வெளியே வந்து, "தம்பி, வெட்கப்படாமல் கடி. கூழ் குடிக்கிற இடத்தில் ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கிறதில்லை" என்றார். பையன் இரண்டாவது குவளையும் கேட்டு வாங்கினான்.

கென்னடி ஸ்டேஷன் பக்கத்திலிருந்து

நான் மதுரைக்காரி. வந்த புதிதில் தமிழ் எழுத்துப் பலகையைப் பார்த்த சந்தோஷத்தில் கடைக்குள் போய் "ஒரு கொத்து பரோட்டா, சால்னா தனியா" என்றேன். கல்லாவில் இருந்த அண்ணன் சிரித்துவிட்டு, "கொத்துரொட்டி இருக்கு, இடியப்பக் கொத்து இருக்கு, பிட்டுக் கொத்து இருக்கு, எது வேணும்?" என்றார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா தோளைத் தட்டி, "பிள்ளை, ரொட்டி எங்கயும் சாப்பிடலாம். இஞ்ச பிட்டுக் கொத்தை எடு" என்றார்.

எடுத்தேன். பிட்டை இறைச்சிக் கறியோடும் முட்டையோடும் கல்லில் போட்டு, இரண்டு தகட்டாலும் தட்டிப் பிரட்டித் தருகிறார்கள். மாவு குழம்பை இழுத்துக்கொண்டு, அங்கங்கே அடிப்பிடித்து மொறுமொறுவென்று இருந்தது. எங்க ஊர்க் கொத்துக்கு ஈடு உண்டா என்று அதுவரை நினைத்திருந்தேன். ருசியில் இது வேறு வகை, இரண்டும் எனக்கு வேண்டும்.

அப்புறம், அந்த அம்மா இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் வாசலில் ஒட்டியிருக்கும் சுகாதாரத் துறையின் டைன்சேஃப் அட்டையைப் பார்க்க வேண்டும். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் நிபந்தனையோடு தேறியது, சிவப்பு என்றால் மூடியாச்சு. 2001 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறதாம். அட்டையை மறைத்து வைத்த ஒரு கடையிலிருந்து நான் வெளியே வந்திருக்கிறேன். மற்றபடி, கதிரை இல்லை, சுவரில் பெயின்ட் இல்லை என்பதையெல்லாம் இப்போது நான் பார்ப்பதில்லை.

அஜின்கோர்ட் பக்கத்திலிருந்து

எல்லோரும் தமிழ்க் கடைகளையே எழுதுகிறீர்கள். எங்கள் பக்கத்துச் சீனக் கடைகளையும் சேருங்கள். 1984இல் கிளென் வொற்ஃபோர்ட் வீதியில் ட்ராகன் சென்டர் என்ற சீன உள்ளரங்கக் கடைத்தொகுதி தொடங்கியபோது, கார் நெரிசல் என்று சொல்லி ஊர்க்காரர் கூட்டம் போட்டு எதிர்த்தார்களாம். கார் வெறும் சாட்டு, சீனர்கள் வருவதுதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கடைத்தொகுதி இப்போது பழையபடி இல்லை. ஆனால் அதைச் சுற்றி ஷெப்பர்ட் வீதியில் உருவான சாப்பாட்டுக் கடைகள் இன்னும் இருக்கின்றன.

நான் அடிக்கடி போவது ஹக்காக் கடைக்கு. கல்கத்தாவில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஹக்காச் சீனர்கள் இங்கே வந்து போட்ட கடைகள் இவை. அங்கே ஒரு நாள் மேசை கிடைக்காமல் ஒரு ஆப்கான் குடும்பத்தோடு சேர்ந்து இருந்தோம். அவர்கள் ஹலால் என்பதால் வருகிறார்கள், நாங்கள் உறைப்புக்காகப் போகிறோம். பரிமாறிய அம்மா என் மனைவியைப் பார்த்து "மிர்ச்சி கம் யா ஜியாதா?" என்று ஹிந்தியில் கேட்டார். எங்களுக்கு ஹிந்தி விளங்காது. உறைப்புக் குறைவா கூடவா என்று கேட்கிறார் என அந்த ஆப்கான் தகப்பன்தான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னார். சில்லிச் சிக்கன் வந்ததும் அவர்கள் பிள்ளைகள் எங்கள் கோப்பையில் கை வைத்தார்கள், நாங்கள் அவர்களுடைய நூடுல்ஸில் பாதியை எடுத்தோம். போகும்போது, லோரன்ஸில் வோர்டன் சந்திக்குக் கிட்ட ஒரு பேக்கரியில் பொலானி என்ற உள்ளே கறி வைத்த ஆப்கான் ரொட்டி நல்லது, கந்தனா என்ற வெங்காயத்தாள் போன்ற கீரை போட்டதைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

லோரன்ஸ் – மார்க்கம் றோட் பக்கத்திலிருந்து

மல்வேர்ன் தம்பி, கூழுக்கு வெள்ளிக்கிழமையே சொல்லிவைக்க வேண்டுமா, நேரே போனால் கிடைக்குமா? கந்தனா பொலானிக்கு இந்தச் சனிக்கிழமை காலையே போகிறேன், 54ஆம் பஸ் அந்த வாசலால்தான் போகிறது. மதுரைத் தங்கச்சிக்கு ஒன்று: ஆகஸ்ட் கடைசியில் மார்க்கம் றோட்டை மறித்துத் தமிழர் தெருவிழா நடக்கும், அங்கே கொத்துக் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். மத்தியானத்துக்கு முன்னம் வாருங்கள், பின்னேரமானால் வரிசை வீதியின் மறுபக்கம் வரை போய்விடும்.