ரிவால்வர் சுடும்போது கட்டைவிரலின் அடிமூட்டில் வலி: கைப்பிடியை மாற்றுவதா, தோட்டாவை மாற்றுவதா?

யீஷூன்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 63. பணி ஓய்வுக்குப் பிறகு சிங்கப்பூரின் சுவா சூ காங் பக்கம் உள்ள சுடுதளத்தில் கழக உறுப்பினராகச் சேர்ந்து, கழகத்துக்குச் சொந்தமான .357 மேக்னம் ரிவால்வர் ஒன்றில் பயிற்சி செய்து வருகிறேன். எஃகு உடலும் நான்கு அங்குலக் குழலும் கொண்ட ஆறு தோட்டா ரிவால்வர் அது. அண்மைக் காலமாக வலது கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில் வலிக்கிறது. புட்டியின் மூடியைத் திருகும்போதும் அதே இடம்தான் வலிக்கிறது. பலதுறை மருந்தகத்தில் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், மூட்டுத் தேய்மானம் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். சுடுவதை அடியோடு விட வேண்டியதில்லை என்றும், வலி வரும் அளவுக்குச் செய்ய வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார்.

இதைக் கேட்ட கழக நண்பர்கள், பின்பக்கத்தையும் மூடும் தடித்த ரப்பர் கைப்பிடி ஒன்றைப் பொருத்தித் தரச் செய்தார்கள். உள்ளங்கைக்கு அது இதமாகவே இருக்கிறது. ஆனால் கட்டைவிரல் வலி முன்பைவிடக் கூடியிருக்கிறது. மெத்தென்ற கைப்பிடி எப்படி வலியைக் கூட்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஜெல் பொதிந்த கையுறை வாங்கினால் சரியாகுமா, அல்லது உதை குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு மாறினாலே போதுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய பயிற்றுநர்:

ஐயா, மருந்து சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள். வலி குண்டு வெளியேறும் அந்தக் கணத்தில் வருகிறதா, தோட்டாவின் பின்புறத்தை அடிக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கும்போது வருகிறதா, அல்லது மறுநாள் காலையில்தான் தெரிகிறதா? உங்கள் கை சிறியதா? நீங்கள் சுடுவது .357 தோட்டாவா?

யீஷூன்வாசி:

சுத்தியலை இழுக்கும்போது சுருக்கென்று குத்துகிறது. சுடும்போது அதைவிடக் கடுமையாக வலிக்கிறது. கை சிறியதுதான். தோட்டா .357, குண்டின் எடை 158 கிரெய்ன்.

பழைய பயிற்றுநர்:

அப்படியானால் உங்கள் புதிர் பாதி அவிழ்ந்துவிட்டது. ரிவால்வரின் பின்னுதைப்பு குழலின் திசையிலேயே நேராகப் பின்னோக்கி வருகிறது. குழலும் முன்கை எலும்பும் மேலிருந்து பார்க்கும்போது ஒரே கோட்டில் இருந்தால், அந்த உதை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதைப்பகுதியில் விழுந்து மணிக்கட்டு, முழங்கை, தோள் வழியாகப் பரவிவிடும். பின்பக்கத்தை மூடும் தடித்த கைப்பிடியைப் பொருத்தும்போது விசைக்கும் (சுடுவதற்காக விரலால் இழுக்கும் பகுதி) உள்ளங்கைக்கும் உள்ள தூரம் கூடுகிறது. சிறிய கை உடையவர் விசையை எட்டுவதற்காகத் தம்மை அறியாமலே கையைக் கைப்பிடியைச் சுற்றித் திருப்பிக்கொள்கிறார். உடனே குழல் முன்கையின் கோட்டை விட்டு விலகி, அதன் பின்முனை கட்டைவிரலின் அடிமூட்டை நேராக நோக்கத் தொடங்குகிறது. அதன் பிறகு ரப்பர் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், ஒவ்வொரு குண்டின் உதையையும் தேய்ந்துபோன அந்த மூட்டேதான் வாங்குகிறது. உள்ளங்கைக்கு இதமும் மூட்டுக்கு வேதனையும் ஒரே கைப்பிடியிலிருந்து வருவது இதனால்தான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. சுடுதள அலுவலர் முன்னிலையில் தோட்டாக்களை இடும் உருளையைத் திறந்து, எல்லா அறைகளும் காலி என்று இருவரும் உறுதி செய்துகொண்டு, இலக்கை நோக்கி வழக்கம்போல் பிடியுங்கள். விரலின் முதல் மூட்டு மடிப்பு வரை விசையில் படும்படி வைத்துக்கொண்டு, பின்னால் நிற்பவரை மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். குழல் இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ சாய்ந்து தெரிந்தால் அந்தக் கைப்பிடி உங்களுக்குப் பொருந்தாது. பின்பக்க உலோகம் வெளியே தெரியும்படி, பக்கங்களில் மட்டும் ரப்பர் உள்ள கைப்பிடிகளும் கிடைக்கின்றன. அவற்றில் விசை அரை விரல்கடை அளவு நெருங்கி வரும்; சிறிய கைக்கு அதுவே பெரிய வேறுபாடு. உள்ளங்கையில் உலோகம் சற்று உறுத்தும் என்பது உண்மைதான். ஜெல் கையுறைக்கு வேலை அங்கேதான் இருக்கிறது, ஆனால் மெல்லியதாக வாங்குங்கள். தடித்த கையுறை மறுபடியும் அந்த இடைவெளியைக் கூட்டிவிடும்.

வழவழப்பான மரக் கைப்பிடியைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்தால் அது நழுவும். நழுவுகிறதே என்று இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடிப்பதே மூட்டுக்கு ஆகாது. அழகுக்காக அதைத் தேர்ந்தெடுப்பவர்களை நான் தடுப்பதில்லை, ஆனால் நோகும் கைக்கு அதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

புக்கிட் பாஞ்சாங் சுடுநர்:

தோட்டாவைப் பற்றி நான் சொல்கிறேன். .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைத் தாராளமாகச் சுடலாம். .38 ரிவால்வரில் .357 தோட்டாவைச் சுடத்தான் கூடாது. காகித இலக்குக்கென்றே செய்யப்படும் 148 கிரெய்ன் வாட்கட்டர் தோட்டா நொடிக்கு ஏறத்தாழ 700 அடி வேகத்தில் செல்கிறது. நீங்கள் சுடும் 158 கிரெய்ன் மேக்னம் தோட்டா நொடிக்கு 1,200 அடியைத் தாண்டும். ஒரே துப்பாக்கியில் ஒப்பிட்டால் வாட்கட்டரின் பின்னுதைப்பு ஆற்றல் மேக்னத்தினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காகிதத்தில் அது போடும் துளையும் வட்டமாக, விளிம்பு கிழியாமல் விழுவதால் புள்ளி எண்ணுவதும் எளிது. இலக்குப் பயிற்சிக்கு மேக்னம் எதற்கு என்பதே என் கேள்வி.

.38 தோட்டாவின் உலோக உறை .357 உறையைவிட ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குட்டை. எனவே அதைத் தொடர்ந்து சுட்டால் உருளை அறைகளின் முன்பகுதியில் கரியும் ஈயமும் சேர்ந்து ஒரு வளையமாகப் படியும். அதைச் சுத்தம் செய்யாமல் விட்டுப் பிறகு .357 தோட்டாவைப் போட்டால், உறைகள் சிக்கிக்கொண்டு, வெளித்தள்ளும் கம்பியை உள்ளங்கையால் ஓங்கிக் குத்த வேண்டிவரும். நோகும் கைக்கு அது சுடுவதைவிடக் கொடுமை. கழகத் துப்பாக்கி பலர் கை மாறுவது என்பதால், தொடங்குவதற்கு முன்பே அறைகளுக்குள் செப்புத் தூரிகையை விட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு யோசனை: இரட்டை இயக்கத்தில், அதாவது சுத்தியலை முன்பே இழுத்து வைக்காமல் சுடும்போது, விசையை இழுக்க 10 முதல் 12 பவுண்டு வரை அழுத்தம் தேவைப்படுகிறது. மென்மையான சுருள்வில் போட்டுவிட்டால் பாதிச் சுமை குறைந்துவிடும்.

பழைய பயிற்றுநர்:

தோட்டாவைப் பற்றி நண்பர் சொன்னது அனைத்தும் சரி. வில்லைப் பற்றிச் சொன்னதை மட்டும் அப்படியே ஏற்க முடியாது. சுத்தியலின் வில்லை மென்மையாக்கினால் தோட்டாவின் பின்புறத்தில் விழும் அடியும் மென்மையாகிறது. சில தோட்டாக்கள் வெடிக்காமல் நின்றுவிடும். வெடிக்காத தோட்டாவுக்காகக் குழலை இலக்கை நோக்கியே வைத்துக் காத்திருப்பது பயிற்சி நேரத்தில் பெரிய தொல்லை. தவிரவும் அது கழகத்தின் துப்பாக்கி. உள்ளே எதையும் மாற்றுவது ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளரின் வேலை, உறுப்பினருடையது அன்று. விசை இயக்கத்தைச் சுத்தம் செய்து எண்ணெயிடச் சொன்னாலே இழுவை ஓரளவு சீராகிவிடும்.

அதைவிட எளிய வழி, இலக்குப் பயிற்சியை ஒற்றை இயக்கத்தில், அதாவது சுத்தியலை முதலில் கையால் இழுத்து வைத்துக்கொண்டு, செய்வது. அப்போது விசைக்கு 3 முதல் 4 பவுண்டு போதும். சுத்தியலை வலது கட்டைவிரலால் இழுக்காதீர்கள். வலக்கைப் பிடியைக் கலைக்காமல், தாங்கும் இடக்கையின் கட்டைவிரலால் இழுங்கள். அதன் பிறகு இடக்கை விரல்களைப் பழைய இடத்திற்குக் கொண்டுவரும்போது, உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள பிளவுக்கு நேராகவோ அதற்கு முன்னாலோ எந்த விரலும் போகக் கூடாது. அங்கிருந்து பக்கவாட்டில் பீறிடும் சூடான வாயு தோலைக் கிழிக்கக்கூடியது.

கைச்சிகிச்சையாளர்:

வணக்கம் ஐயா. நான் துப்பாக்கி சுடுபவள் அல்ல. தொழில்வழிச் சிகிச்சையில் கைகளைக் கவனிப்பவள். கட்டைவிரல் அடிமூட்டில் தேய்மானம் உள்ளவர்களுக்கு, விரல் நுனியில் கிள்ளிப் பிடிக்கும் சிறிய அழுத்தம்கூட அந்த மூட்டில் பல மடங்காகப் பெருகி விழும். எனவே சுடும் கணத்தை மட்டும் பார்க்காமல், அதைச் சுற்றியுள்ள வேலைகளையும் பாருங்கள். தோட்டாவைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பதும், உருளையில் எல்லாத் தோட்டாக்களையும் ஒரே முறையில் இட உதவும் வேகநிரப்பியில், குமிழைத் திருகி விடுவிக்கும் வகையைப் பயன்படுத்துவதும் கிள்ளும் வேலைகளே.

அடிமூட்டை அசையாமல் தாங்கி, மற்ற விரல்களைச் சுதந்திரமாக விடும் சிறிய கட்டைவிரல் தாங்கியை உங்கள் கைக்கு அளவெடுத்துச் செய்துதர முடியும். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்துடன் பொது மருத்துவமனையின் கைப்பிரிவுக்குச் சென்றால் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். அதை அணிந்து சுடலாமா என்பதை அங்கேயே கேளுங்கள்; கைப்பிடியின் சுற்றளவையும் நீங்கள் பிடிக்கும் விதத்தையும் ஒரு படமாகக் கொண்டுபோய்க் காட்டினால் அவர்களுக்கு எளிதாக இருக்கும். துப்பாக்கியைக் கொண்டுபோக இயலாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விரல்களில் மரத்துப்போதல், இரவில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, காலையில் விரல் மடங்கியே நின்று பிறகு டக்கென்று விடுபடுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அது வேறு பிரச்சினை. காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு சுடச் செல்வதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். நிறுத்தும்படி மூட்டு சொல்லும்போது அது உங்களுக்குக் கேட்க வேண்டும்.

யீஷூன்வாசி:

அனைவருக்கும் நன்றி. பயிற்றுநர் சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். பின்னால் நின்ற அலுவலர், குழல் என் முன்கையின் கோட்டிலிருந்து நன்றாகவே விலகியிருப்பதாகச் சொன்னார். பின்பக்கம் திறந்த கைப்பிடியைக் கிடங்கில் தேடி எடுத்துப் பொருத்திக் கொடுத்தார்கள். வாட்கட்டர் தோட்டாவுக்கும் மாறிவிட்டேன். கட்டைவிரலில் இருந்த குத்தல் பெருமளவு குறைந்துவிட்டது, கைச்சிகிச்சைக்கும் தேதி கிடைத்துவிட்டது.

ஆனால் ஒரு புதிய சிக்கல். வலி குறைந்த பிறகும் குண்டுகள் இலக்கின் கீழ்ப்பக்கமாகவே விழுகின்றன. கை பலவீனமாகிவிட்டதா? வீட்டில் பழகுவதற்காக வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து ஒரு மாதிரித் துப்பாக்கியும், இன்னும் மெல்லிய கைப்பிடி ஒன்றும் தருவிக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

பழைய பயிற்றுநர்:

முதலில் அந்த மாதிரித் துப்பாக்கி யோசனையை விட்டுவிடுங்கள். இங்கே மாதிரித் துப்பாக்கியை இறக்குமதி செய்யவும் உரிமம் வேண்டும். விளையாட்டுப் பொருள்தானே என்ற சமாதானம் சுங்கச் சோதனையில் எடுபடாது. கைப்பிடியையும் நீங்களாகத் தருவிக்க வேண்டாம். கழகத்தின் வழியாகக் கேளுங்கள். தேவைப்பட்டால் அவர்களே காவல்துறையின் உரிமப் பிரிவில் விசாரித்துக்கொள்வார்கள்.

குண்டு கீழே விழுவது பலவீனத்தால் என்று நான் நினைக்கவில்லை. பல வாரங்கள் வலியை எதிர்பார்த்துச் சுட்ட கை, உதை வருவதற்கு முன்பே குழலைக் கீழே அழுத்தப் பழகிவிடுகிறது. ரிவால்வரில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. நண்பர் ஒருவரிடம் கொடுத்து, உருளையில் சில அறைகளில் மட்டும் தோட்டாவை இட்டு, எது காலி என்று உங்களுக்குத் தெரியாதபடி சுழற்றி மூடித் தரச் சொல்லுங்கள். காலி அறையில் சுத்தியல் விழும்போது குழல் முனை குனிந்தால் காரணம் உங்கள் கண்முன் தெரிந்துவிடும். காதுக்குள் அடைப்பானும் அதற்கு மேல் காதுறையும் சேர்த்து அணியுங்கள். கை பயப்படுவது பாதி அந்தச் சத்தத்துக்காகத்தான். கழகத்தில் .22 ரிவால்வர் இருந்தால் ஒவ்வொரு முறையும் அதில் தொடங்கி, கை அமைதியான பிறகு .38-க்கு வாருங்கள், ஆறு குண்டுகளுக்கு ஒருமுறை கீழே வைத்துக் கையைத் தளர்த்துங்கள். .22-இல் மட்டும் தோட்டா இல்லாமல் விசையைத் தட்டிப் பழகுவதற்கு முன் கிடங்குப் பொறுப்பாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில துப்பாக்கிகளில் தோட்டாவைக் குத்தி வெடிக்கச் செய்யும் சுடுமுள் நேராக அறையின் விளிம்பில் பட்டு அதைச் சிதைத்துவிடும்.